தமிழையும் சமூக அறிவியலையும் சேர்த்துக் கற்பிப்பது எப்படி: வேலூர் வட்டாரப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

நான்காம் வகுப்பில் படிக்கும் பிள்ளை நகராட்சி, மாநகராட்சி பற்றிய பாடத்தை ஒரு சொல் பிசகாமல் ஒப்பிக்கிறது. ஆனால் நம் தெரு எந்த வார்டில் இருக்கிறது, குப்பை வண்டியை அனுப்புவது யார் என்று கேட்டால் விழிக்கிறது. அதே பிள்ளையிடம் தமிழ்ப் பாடத்துக்காக ‘எங்கள் ஊர்’ என்ற தலைப்பில் பத்து வரி எழுதச் சொன்னால், ‘எங்கள் ஊர் அழகான ஊர், எங்கள் ஊரில் மரங்கள் உள்ளன’ என்று எழுதிவிட்டுப் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இவை இரண்டு வெவ்வேறு குறைகள் போலத் தோன்றும். உண்மையில் ஒரே குறைதான். சமூக அறிவியலில் பிள்ளைக்குச் சொற்கள் கிடைத்துவிட்டன, அவற்றின் பின்னே இருக்கும் ஊர் தெரியவில்லை. தமிழில் எழுதத் தெரிகிறது, எழுதுவதற்கு வேண்டிய செய்தி கையில் இல்லை.

ஆகவே வீட்டில் இவ்விரு பாடங்களையும் தனித்தனி வேளைகளில் சொல்லித்தருவதைவிட, ஒன்றாகச் சேர்த்துச் சொல்லித்தருவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. பிள்ளை தான் பார்த்ததைப் பேச வேண்டும், பேசியதை எழுத வேண்டும், எழுதியது சரிதானா என்று கேட்டறிந்து திருத்த வேண்டும். பழைய வட ஆர்க்காடு மாவட்டமாக இருந்த வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர்ப் பகுதிகளில் இதற்கு வேண்டிய செய்தி ஒவ்வொரு தெருவிலும் கிடைக்கிறது. இங்கே சொல்லப்படும் முறைகள் மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு உரியவை. அதற்கும் சிறிய குழந்தைகளுக்கு வாய்ப்பேச்சும் படம் வரைதலும் போதும்.

பள்ளியில் நடப்பதை அறிந்துகொள்ளுதல்

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் முதல் இரண்டு வகுப்புகளுக்குச் சூழ்நிலையியல் என்ற ஒரே பாடநூலில் குடும்பம், உணவு, செடிகொடி, விலங்கு எல்லாம் சேர்ந்து வருகின்றன. மூன்றாம் வகுப்புப் பாடநூல்களில் சமூக அறிவியல் தனியாகப் பிரிகிறது. தமிழ்ப் பாடத்தைப் பொறுத்தவரை கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் ஆகிய நான்கு திறன்களையும் இந்த ஐந்து ஆண்டுகளில் பிள்ளை அடைய வேண்டும். வீட்டில் நாம் கவனிப்பது பெரும்பாலும் நான்காவதை மட்டுமே என்பதால் முதல் மூன்றும் பின்தங்கிவிடுகின்றன.

அரசுப் பள்ளிகளில் 2022ஆம் ஆண்டு முதல் எண்ணும் எழுத்தும் திட்டம் நடைபெறுகிறது. இதில் பிள்ளைகள் கற்றல் நிலைக்கு ஏற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கப்பட்டு, அந்தந்த நிலைக்குரிய பயிற்சிகளைச் செய்கிறார்கள். உங்கள் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று ஆசிரியரிடம் தயங்காமல் கேளுங்கள். அரும்பு என்று சொன்னால் வருந்தவோ, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடவோ வேண்டாம். எந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதை அந்தச் சொல் உங்களுக்குத் தெரிவிக்கிறது. அதற்கு மேல் அதில் பொருள் காண வேண்டியதில்லை.

பேச்சிலிருந்து எழுத்துக்கு

நம் பக்கத்துப் பிள்ளை ‘எங்க நைனா ஆம்பூருக்கு வேலைக்குப் போய்கினு கீறாரு’ என்று சொல்லும். இதைக் கேட்டவுடன் ‘ஒழுங்காகப் பேசு’ என்று அதட்டுவது பலருக்கு வழக்கமாக இருக்கிறது. அதட்டினால் பிள்ளை ஒழுங்காகப் பேசத் தொடங்குவதில்லை, பேசுவதையே குறைத்துக்கொள்கிறது. வீட்டில் பேசுகிற தமிழ் தவறான தமிழ் அன்று. எழுதுவதற்கென்று வேறொரு வடிவம் இருக்கிறது, அவ்வளவுதான். பிள்ளை சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, ‘இதை நோட்டில் எழுதினால் எப்படி எழுதுவோம்?’ என்று கேளுங்கள். ‘எங்கள் அப்பா ஆம்பூருக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்’ என்பதை முதல் சில நாட்கள் நீங்களே சொல்லித்தர வேண்டியிருக்கும். பிறகு பிள்ளை தானாகவே மாற்றத் தொடங்கும். ஒரு நாளைக்கு மூன்று வாக்கியம் போதும், நான்காவது வேண்டாம்.

பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் போன்ற இடங்களில் வீட்டில் உருது பேசும் பிள்ளைகளும், ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர்களில் தெலுங்கு பேசும் பிள்ளைகளும் தமிழ்வழிப் பள்ளியில் படிக்கிறார்கள். இவர்களிடம் செய்தியை முதலில் வீட்டு மொழியிலேயே சொல்லச் சொல்லுங்கள். என்ன சொல்ல வேண்டும் என்பது மனத்தில் தெளிவாக அமைந்த பிறகு தமிழில் சொல்வது எளிது. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யச் சொன்னால் சிறு பிள்ளை திணறிப்போகும். தமிழ் தெரியாத பெற்றோரும் இந்த முதல் பாதியில் முழுமையாகத் துணைநிற்க முடியும் என்பதால், ‘எங்களுக்குத் தமிழ் வராது, நாங்கள் என்ன சொல்லித்தருவது?’ என்று அவர்கள் ஒதுங்கிக்கொள்ளத் தேவையில்லை.

படிப்பதற்குப் பாடநூல் மட்டும் போதாது. பேருந்தின் பெயர்ப்பலகை, கடைப்பலகை, ரேஷன் கடையின் விலைப்பட்டியல், திருமண அழைப்பிதழ் எல்லாவற்றையும் பிள்ளை உரக்கப் படிக்கட்டும். பேருந்து நிலையத்தில் காத்திருக்கும் நேரத்தில் காட்பாடி, பள்ளிகொண்டா, ஒடுகத்தூர், அணைக்கட்டு, குடியாத்தம், பேரணாம்பட்டு என்று பலகைகளைப் படிக்கச் சொன்னால், அது எழுத்துப் பயிற்சியாகவும் மாவட்டத்தின் ஊர்களை அறியும் பயிற்சியாகவும் ஆகிறது.

ல, ள, ழ முதலிய குழப்பங்கள்

இந்த இடத்தில்தான் பெரும்பாலான பிள்ளைகள் மதிப்பெண்ணை இழக்கிறார்கள், ஆகவே இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். 247 எழுத்துகளையும் வரிசையாக எழுதத் தெரிந்த பிள்ளைகூட ‘வெள்ளம்’ என்பதை ‘வெல்லம்’ என்று எழுதிவிடும். நூறு முறை எழுதச் சொல்லும் தண்டனையால் இது தீராது. எழுத்தை அறிமுகமான ஊர்ப் பெயரோடும் பொருளோடும் பிணைத்துக் காட்ட வேண்டும். வேலூரில் வருவது ல, பள்ளிகொண்டாவிலும் வள்ளிமலையிலும் வருவது ள, கீழ்மொணவூரில் வருவது ழ. பாலாற்றில் வருவது வெள்ளம், பொங்கலுக்குப் போடுவது வெல்லம். இவற்றைச் சொல்லும்போது நாக்கு எங்கே தொடுகிறது, எங்கே மடிகிறது என்பதைப் பிள்ளை தானே உணர்ந்து பார்க்கட்டும்.

ந, ன, ண மூன்றுக்கும் நம் பழைய ஆசிரியர்கள் வைத்திருந்த பெயர்களே நல்ல வழிகாட்டி: தந்நகரம், றன்னகரம், டண்ணகரம். த-வுக்கு முன் ந் வரும் (பந்து), ற-வுக்கு முன் ன் வரும் (கன்று), ட-வுக்கு முன் ண் வரும் (வண்டி). தமிழ்ச் சொல்லின் முதலில் வருவது ந மட்டுமே. ன-வும் ண-வும் சொல்லைத் தொடங்குவதில்லை. இவ்வளவையும் மனத்தில் வைத்தாலே பாதிப் பிழைகள் குறைந்துவிடும்.

ர, ற இரண்டில் ற மட்டுமே இரட்டிக்கும் என்பதையும் சொல்லுங்கள். ‘பாலாறு’ என்பதோடு ‘இல்’ சேர்ந்தால் ‘பாலாற்றில்’ என்று ஆகும். ‘பாலாறில்’ என்று எழுதுவது தவறு. கிணறு கிணற்றில் என்றும், வயிறு வயிற்றில் என்றும் ஆவதைப் பிள்ளையே கண்டுபிடிக்கும்படி கேள்வியாகக் கேட்டால் அது மறக்காது.

வீட்டிலிருந்து மாவட்டம் வரை: வரைபடம்

பாடநூலில் அச்சான தமிழ்நாட்டு வரைபடத்திலிருந்து தொடங்காதீர்கள். ஒரு தாளில் வீட்டின் அறைகளை வரையச் சொல்லுங்கள். அடுத்த வாரம் வீடு இருக்கும் தெரு, அதற்கடுத்த வாரம் வீட்டிலிருந்து பள்ளிக்குப் போகும் வழி. அந்த வழியில் உள்ள கோயில், மசூதி, தேநீர்க்கடை, தண்ணீர்த் தொட்டி, வேகத்தடை எல்லாம் அதில் இடம்பெற வேண்டும்.

திசையைக் காலையில் கற்பிப்பது எளிது. சூரியன் உதிக்கும் பக்கத்தைப் பார்த்து நின்றால் எதிரே கிழக்கு, இடக்கைப் பக்கம் வடக்கு, வலக்கைப் பக்கம் தெற்கு, முதுகுப் பக்கம் மேற்கு. வேலூர் நகரத்துப் பிள்ளைக்கு இது இன்னும் எளிது, ஏனென்றால் நகரின் கிழக்கே மலைகள் நிற்கின்றன. பாலாறு நகரின் வடக்கே ஓடுகிறது. அதைக் கடந்தால் காட்பாடி. ஒரு முறை பாலத்தின் மேல் போகும்போது ‘இப்போது நாம் எந்தத் திசையில் போகிறோம்?’ என்று கேளுங்கள். திசை தெரிந்த பிறகு, மாவட்ட வரைபடத்தை விரித்து வடக்கே ஆந்திர மாநிலம், கிழக்கே இராணிப்பேட்டை, தெற்கே திருவண்ணாமலை, மேற்கே திருப்பத்தூர் என்று காட்டினால் அது வெறும் மனப்பாடமாக நிற்காது.

ஆற்றை வரையச் சொன்னால் பெரும்பாலான பிள்ளைகள் நீல நிறத்தை எடுப்பார்கள். பாலாறு ஆண்டின் பெரும்பகுதியில் மணலாகக் கிடப்பதை அவர்கள் பார்த்திருந்தும் அப்படி வரைகிறார்கள் என்றால், தாங்கள் கண்டதைவிடப் புத்தகத்துப் படத்தையே நம்புகிறார்கள் என்று பொருள். கண்டதை எழுதவும் வரையவும் அவர்களுக்குத் துணிவு கொடுங்கள். கர்நாடகத்தின் நந்தி மலையில் தோன்றி, ஆந்திரம் வழியாக வந்து, மொத்தம் 348 கிலோமீட்டர் ஓட்டத்தில் 222 கிலோமீட்டரைத் தமிழ்நாட்டில் கடந்து, கல்பாக்கத்துக்கு அருகே வயலூரில் கடலில் சேரும் ஆறு அது. 2021 நவம்பரில் அது கரைபுரண்டு ஓடியதைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். ‘அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள், என்ன பார்த்தீர்கள்?’ என்று வீட்டில் உள்ள ஒருவரிடம் கேட்டு ஐந்து வாக்கியம் எழுதுவது நான்காம் வகுப்புக்கு ஏற்ற பணி.

முழக்கயிற்றில் வரலாறு

ஆண்டு எண்கள் சிறு பிள்ளைக்கு எளிதில் பிடிபடுவதில்லை. 1806 என்பதும் 1566 என்பதும் அதற்கு ஒன்றுதான். நீளமான சணல் கயிறு ஒன்றை எடுத்து, ஒரு நூற்றாண்டுக்கு ஒரு முழம் என்று அளந்து முடிச்சுப் போடுங்கள். எல்லா முழங்களையும் ஒரே ஆள் தன் கையால் அளக்க வேண்டும், இல்லாவிட்டால் நூற்றாண்டுகள் சிறிதும் பெரிதுமாகிவிடும். கயிற்றின் ஒரு முனை இன்று. அங்கிருந்து ஓரிரு விரல் தள்ளினால் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த 2019; முழத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளினால் வட ஆர்க்காட்டிலிருந்து திருவண்ணாமலை தனி மாவட்டமான 1989. ஆயாவும் தாத்தாவும் பிறந்த ஆண்டுகளையும் தவறாமல் குறியுங்கள். பிறகு ஒன்றேகால் முழத்தில் ஐடா ஸ்கடர் ஒரே படுக்கையோடு வேலூரில் மருத்துவமனையைத் தொடங்கிய 1900. ஒன்றே முக்கால் முழத்தை நெருங்கும்போது, இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடிய 1856. இரண்டு முழத்தைத் தாண்டிச் சற்றுப் போனால் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் புரட்சி செய்த 1806. நான்கரை முழத்துக்கு அருகே, விஜயநகரத்தின் கீழிருந்த சின்ன பொம்மி நாயக்கர் காலத்தில் வேலூர்க் கோட்டை எழுந்த 16ஆம் நூற்றாண்டு.

கோட்டை தாத்தாவைவிடப் பழையது, ரயில் கோட்டையைவிடப் புதியது என்பது இந்தக் கயிற்றில் கண்ணுக்கே தெரிந்துவிடும். ‘முன்பு’, ‘பின்பு’, ‘அதற்கும் முன்பு’, ‘இடையில்’ போன்ற சொற்களைப் பயன்படுத்தி வாக்கியம் எழுதவும் இதுவே இடம். கயிற்றைச் சுவரில் மாட்டி வையுங்கள். பாடத்தில் புதிய ஆண்டு வரும்போதெல்லாம் பிள்ளை ஒரு சீட்டைக் கட்டட்டும்.

1806ஐச் சொல்லித்தருதல்

வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10 அன்று நடந்த புரட்சியைச் சிறு பிள்ளைக்கு எப்படிச் சொல்வது என்று பல பெற்றோர் தயங்குகிறார்கள். அதில் உயிரிழப்பு மிகுதி. அந்தக் காட்சிகளை ஒன்பது வயதுப் பிள்ளைக்கு விவரிக்க வேண்டியதில்லை. ஆனால் ஏன் நடந்தது என்பதை மறைக்கக் கூடாது. கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் இருந்த இந்தியச் சிப்பாய்கள் புதிய வகைத் தலைப்பாகையை அணிய வேண்டும், தாடியை மழிக்க வேண்டும், நெற்றிக்குறியும் காதணியும் கூடாது என்று ஆணை வந்தது. இந்துக்கள், இஸ்லாமியர் இரு தரப்பினரும் அதைத் தங்கள் சமயத்தின் மேல் கைவைப்பதாகக் கருதினார்கள். திப்பு சுல்தானின் குடும்பத்தார் அப்போது அதே கோட்டையில் வைக்கப்பட்டிருந்தார்கள். விடிவதற்கு முன் எழுந்த கிளர்ச்சியை ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி தலைமையில் விரைந்து வந்த குதிரைப்படை அன்றே அடக்கியது. பின்னர் அந்த ஆணைகள் கைவிடப்பட்டன. சென்னை மாகாண ஆளுநர் வில்லியம் பெண்டிங்க் திரும்ப அழைக்கப்பட்டார். திப்புவின் குடும்பத்தார் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார்கள்.

சொல்லி முடித்ததும் ‘உன் பள்ளியில் இப்படி ஓர் ஆணை வந்தால் உனக்கு எப்படி இருக்கும்?’ என்று கேளுங்கள். பிள்ளை பேசட்டும், குறுக்கிடாதீர்கள். பிறகு யார், எங்கே, எப்போது, ஏன் என்ற நான்கு கேள்விகளுக்கும் ஒவ்வொரு முழு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையாக இருந்தால் ‘ஆகையால்’, ‘இதனால்’, ‘இருப்பினும்’ ஆகிய சொற்களைக் கொண்டு அந்த வாக்கியங்களை இணைக்க வேண்டும். காரணத்தையும் விளைவையும் பிரித்தறிவது வரலாற்றுப் பாடம். அவற்றைச் சரியான இணைப்புச் சொல்லால் கோப்பது தமிழ்ப் பாடம்.

கோட்டைக்குப் பிள்ளையைக் கூட்டிச்செல்லுங்கள். அகழியின் ஓரத்தில் நடந்து, உள்ளே ஜலகண்டேசுவரர் கோயில், மசூதி, தேவாலயம் மூன்றையும் பார்த்து, அரசு அருங்காட்சியகத்துக்கும் போய்விட்டு, வெளியே மக்கான் சந்திப்பில் இருக்கும் நினைவுத்தூணையும் காட்டுங்கள். ஒரு நோட்டும் பென்சிலும் கையில் இருக்கட்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்ல முயல வேண்டாம்; பிள்ளை எதைப் பார்த்து நிற்கிறதோ அதைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

அங்கே கண்டிப்பாக யாராவது, கோட்டையிலிருந்து வெகுதூரத்துக்குச் சுரங்கப்பாதை போகிறது என்று சொல்வார்கள். அது பிள்ளைக்கு மிகவும் பிடித்த செய்தியாக இருக்கும். ‘சுரங்கம் இருக்கிறது’ என்று எழுத விடாதீர்கள். ‘சுரங்கம் இருப்பதாக ஊரில் சொல்கிறார்கள்’ என்று எழுதச் செய்யுங்கள். தான் கண்டதை ‘பார்த்தேன்’ என்றும், கேட்டதை ‘சொன்னார்கள்’ என்றும், கல்வெட்டிலோ பலகையிலோ படித்ததை ‘எழுதியிருக்கிறது’ என்றும் பிரித்து எழுதும் பிள்ளை சான்றுக்கும் செவிவழிச் செய்திக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்துகொள்கிறது. தொடக்கப் பள்ளியில் வரலாறு படிப்பதன் மிகப் பெரிய பயன் இதுவே என்று நான் நம்புகிறேன்.

ஊராட்சியும் கடிதமும்

உள்ளாட்சிப் பாடத்தைக் கிராமத்தில் இருப்பவர்கள் கிராம சபையிலிருந்தே தொடங்கலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் அது கூடுகிறது. பிள்ளையை உடன் அழைத்துப் போய் ஓரமாக உட்கார வைத்து, யார் பேசினார்கள், எதைப் பற்றிப் பேசினார்கள் என்று மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். நகரத்தில் இருப்பவர்கள், 1866இல் நகராட்சியாகி 2008இல் மாநகராட்சியான வேலூரில் தங்கள் வார்டின் எண் என்ன, உறுப்பினர் யார், தெருவிளக்கும் குடிநீரும் யார் பொறுப்பு என்பதைப் பிள்ளையோடு சேர்ந்து கேட்டறியலாம். குடியாத்தமும் பேரணாம்பட்டும் நகராட்சிகள். அங்குள்ளவர்கள் தங்கள் ஊரை வேலூரோடு ஒப்பிட்டுப் பேசலாம்.

பிறகு கடிதம். அனுப்புநர், பெறுநர், பொருள், நாள், ‘ஐயா’ அல்லது ‘அம்மா’ என்ற விளி, செய்தி, ‘இப்படிக்கு’ என்ற உறுப்புகளைப் பிள்ளை பாடத்தில் படித்திருக்கும். கற்பனையான ஒரு சிக்கலைக் கொடுக்காமல், உண்மையாகவே எரியாத தெருவிளக்கைப் பற்றி எழுதச் சொல்லுங்கள். எந்தத் தெரு, எத்தனையாவது கம்பம், எத்தனை நாளாக எரியவில்லை, அதனால் யாருக்கு என்ன சிரமம் என்பதெல்லாம் கடிதத்தில் வர வேண்டும். எழுதி முடித்த கடிதத்தை உரிய அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள். பிள்ளையும் உடன் வரட்டும். விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும், எழுத்துக்கு ஒரு பெறுநர் உண்டு என்பதைப் பிள்ளை அன்று அறியும்.

தொழில்களைப் பற்றி எழுதவும் இதே முறைதான். குடியாத்தத்தில் கைத்தறி நெய்பவரிடமோ, ஆம்பூரில் தோல் தொழிற்சாலைக்குப் போகும் சித்தப்பாவிடமோ, சந்தையில் இலவம்பாடி முள் கத்தரிக்காய் விற்கும் அம்மாவிடமோ கேட்பதற்கு ஆறு கேள்விகளை முன்கூட்டியே எழுதிக்கொண்டு போகட்டும். அந்தக் கத்தரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்படியென்றால் என்ன என்று பிள்ளையே ஆசிரியரிடம் கேட்கட்டும்.

ஐவகை நிலமும் நம் மாவட்டமும்

நான்காம் வகுப்பில் வரும் ஐவகை நிலங்களை அட்டவணையாக மனப்பாடம் செய்தால் ஒரு வாரத்தில் மறந்துபோகும். பீஞ்சமந்தை இருக்கும் ஜவ்வாது மலைப்பகுதி குறிஞ்சி, அமிர்தி காட்டுப்பகுதி முல்லை, பாலாற்றங்கரையின் நெல்வயல் மருதம் என்று இடத்தோடு சொல்லுங்கள். நெய்தலுக்கு நம் மாவட்டத்தில் இடமில்லை என்பதைப் பிள்ளையே கண்டுபிடித்து, ‘அப்படியென்றால் பாலாறு போய்ச் சேரும் வயலூர்தான் நெய்தலா?’ என்று கேட்டால் பாடம் புரிந்துவிட்டது. முல்லையும் குறிஞ்சியும் மழையின்றி வறண்ட நிலையே பாலை என்பதைக் கோடையில் காய்ந்து கிடக்கும் ஒரு குன்றைக் காட்டி விளக்கலாம்.

தேர்வுக்கு ஆயத்தமாகும்போது

கேள்வியைப் பிள்ளையே வாய்விட்டுப் படித்து, புத்தகத்தை மூடிவிட்டு, தன் சொந்தச் சொற்களில் விடையைச் சொல்லட்டும். சொன்ன பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போன செய்தியைச் சேர்த்து எழுதட்டும். மனப்பாடம் தேவையே இல்லை என்று நான் சொல்லவில்லை. திருக்குறளையும் செய்யுளையும் அடிபிறழாமல் நெட்டுருச் செய்வது நல்லது, ஒரு நாளைக்கு ஒரு குறள் போதும். உரைநடை விடைகளை அப்படி நெட்டுருச் செய்வதுதான் தவறு.

பிள்ளை எழுதியதைத் திருத்தும்போது முதலில் செய்தியைப் பற்றிப் பேசுங்கள், எழுத்துப் பிழையைப் பிறகு பாருங்கள். ஒரு பக்கத்தில் பத்துப் பிழை இருந்தால் ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு மூன்றை மட்டும் அன்றைக்குத் திருத்துங்கள். ற-கரப் பிழை என்றால் ற-கரம் மட்டும். சிவப்பு மையைத் தவிர்த்துப் பென்சிலால் கோடிட்டுக் காட்டினால், பிள்ளை தானே அழித்து எழுதும். வேலை முடிந்து களைத்து வரும் பெற்றோருக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது என்ற கேள்வி நியாயமானதுதான். நாள்தோறும் இரவுச் சாப்பாட்டுக்கு முன் அரை மணி நேரம் இதற்கு ஒதுக்கினால் போதும். ஊர் சுற்றிப் பார்ப்பதும் பெரியவர்களிடம் கேட்பதும் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கட்டும். ஊர்ச் செய்திகளுக்கென்று ஒரு தனி நோட்டைப் போட்டுக்கொடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் நாள் குறிக்கச் செய்யுங்கள். பருவத் தேர்வு முடிந்ததும் அதைப் பழைய காகிதக்காரரிடம் போடாமல் எடுத்துவையுங்கள், ஏனென்றால் அடுத்த வகுப்பில் அதே பாலாறும் அதே கோட்டையும் இன்னும் விரிவான பாடமாக வரும்போது அந்த நோட்டிலிருந்தே தொடங்கலாம்.